கரையின் நிறம்: ரோம் முதல் தென்காசி வரை



பழைய ரோமாபுரியில் யார் எந்த நிறத்தில் உடுத்தினார்கள் என்பதைத் தென்காசியில் உட்கார்ந்து பேச வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். தேவை இருக்கிறது. 2019 ஜூலை 31 அன்று தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் நிறமாகக் கையில் கயிறு கட்டி வருகிறார்கள், அந்த நிறம் அவர்களுடைய சாதியைக் காட்டுகிறது, விளையாட்டு அணிக்கு ஆள் சேர்ப்பதும் இடைவேளையில் ஒன்றுகூடுவதும் அதைப் பார்த்துத்தான் நடக்கின்றன, அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பயிற்சியில் இருந்த இளம் ஆட்சிப்பணி அதிகாரிகள் கொடுத்த தகவலின் பேரில் அனுப்பப்பட்டது அது. எதிர்ப்பு கிளம்பியதும், தமக்குத் தெரியாமல் அது அனுப்பப்பட்டது என்றார் துறை அமைச்சர். சுற்றறிக்கை கிடப்பில் விழுந்தது.

அதே ஆண்டு நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் பிரிந்தது, கயிறு பிரியவில்லை. எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று இந்த மேடையில் நான் பட்டியல் போட மாட்டேன். போடவும் தேவையில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே அது மனப்பாடமாகத் தெரியும். என் கேள்வி வேறு. நிறத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? நிறத்தை அணிவது எப்போது விடுதலையாகிறது, எப்போது விலங்காகிறது? இதை நம் ஊருக்குள் நின்றுகொண்டே பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியாமல் போகும். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பார்ப்போம்.

தள்ளிப் போவது என்றாலும் அவ்வளவு அந்நியமான இடத்துக்கு அல்ல. குற்றாலத்து அருவிகளின் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து கடலுக்குப் போகிறது. அந்தத் தாமிரபரணியின் பழைய முகத்துவாரத்தில்தான் பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இருந்தது. கொற்கை முத்து ரோமுக்குப் போனது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்' என்னும் கடல்வழிக் கையேடு கொற்கையைக் குறிப்பிடுகிறது. அங்கே முத்துக் குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்தார்கள் என்றும் சொல்கிறது. பாண்டியரின் முத்துப் பெருமையைப் பேசும் மேடைகளில் இந்த வரி அநேகமாக வருவதில்லை. ரோமிலோ ஜூலியஸ் சீசர், இன்னின்ன தகுதியும் வயதும் உள்ளவர்கள்தான் முத்து அணியலாம், செவ்வூதாத் துணி உடுத்தலாம் என்று கட்டுப்பாடு போட்டார். மூச்சடக்கி மூழ்கியவன் இங்கே கைதி. அந்த முத்தை யார் அணியலாம் என்று சட்டம் போட்டவன் அங்கே அதிபதி. நிறத்தின் கதையும் இப்படித்தான் நடக்கிறது.

வெள்ளை

ரோமின் குடிமகனுக்கு உரிய உடை டோகா. நீளமான கம்பளித் துணி. உடம்பைச் சுற்றித் தோளில் போட்டு, மடிப்புகளை இடது கையில் தாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதை உடுத்திக்கொண்டு ஏர் பிடிக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது. உழைக்க வேண்டியதில்லை என்று அறிவிக்கும் உடை அது. குடிமகன் அல்லாதவன் அதை உடுத்தக் கூடாது. அடிமைக்கு அது கிடையாது. தேர்தலில் நிற்பவன் டோகாவைச் சுண்ணப்பொடி தேய்த்துப் பளீரென்று வெளுக்கச் செய்துகொண்டு வாக்குக் கேட்கப் போவான். லத்தீன் மொழியில் 'கேண்டிடஸ்' என்றால் பளிச்சிடும் வெள்ளை. ஆங்கிலத்தில் வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்ற சொல் அந்தத் துணியிலிருந்து வந்தது. நம் ஊர் வேட்பாளரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில்தான் வருகிறார். கறை படாதவர் என்று காட்டிக்கொள்ளும் ஆசை இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை.

அந்த வெள்ளையை வெளுத்தது யார்? ரோமின் சலவைக் கூடங்களில் துணியின் அழுக்கை எடுக்க மனித மூத்திரத்தைப் பயன்படுத்தினார்கள். புளித்த மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். தொட்டிகளில் அதை ஊற்றி, துணியைப் போட்டு, வேலையாட்கள் இறங்கிக் காலால் மிதிப்பார்கள். அவர்களில் பலர் அடிமைகள். இந்த மூத்திர வணிகத்துக்கு வெஸ்பேசியன் என்ற பேரரசர் வரியே போட்டார். செனட் சபையின் வெண்மைக்கு அடியில் அந்தக் கால்கள் இருந்தன.

இதைக் கேட்கும்போது நம் மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழில் வந்த ஒரு செய்தியைச் சாதி பற்றிய ஆய்வுநூல்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டிருக்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்தில் புதிரை வண்ணார் என்ற மக்கள், பார்த்தாலே தீட்டு என்று கருதப்பட்டு, பகலில் வெளியே வரக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்தார்கள். இரவில்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டும். அவர்கள் யாருடைய துணியை வெளுத்தார்கள்? நம்முடைய துணியை. தீண்டப்படாதவர்கள் என்று ஊர் தள்ளிவைத்த மக்களின் துணியை வெளுத்தவர்களைக் காணப்படாதவர்கள் என்று தள்ளிவைத்தது இந்தச் சமூகம். அந்தத் தள்ளிவைப்பில் நம் தெருக்களுக்கும் பங்கு இருந்தது. தலித் இலக்கியம் பேசும் மேடையில் இதைச் சொல்லாமல் வெள்ளையின் வரலாற்றைப் பேசுவது நேர்மை ஆகாது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படியிலும் நிற்பவனுக்கு மிதிக்க ஒரு தலை கீழே கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இங்கேதான் திரும்பி வரப்போகிறேன்.

கரை

ரோமில் டோகாவின் கரையும், உள்ளே போடும் அங்கியின் பட்டையும்தான் ஒருவன் யார் என்பதைச் சொன்னன. செனட் உறுப்பினரின் அங்கியில் அகலமான செவ்வூதாப் பட்டை. அதற்கு அடுத்த படியில் இருந்த குதிரைவீரர் வகுப்புக்குக் குறுகிய பட்டை. உயர் பதவியில் இருப்பவரின் டோகாவுக்கும் சுதந்திரமாகப் பிறந்த சிறுவனின் டோகாவுக்கும் செவ்வூதாக் கரை. சாதாரணக் குடிமகனுக்குக் கரையில்லாத துணி. துக்கத்துக்குக் கருநிற டோகா. வெளுக்க வசதியில்லாத ஏழைகளின் உடையும் கருமையாகத்தான் இருந்தது. கருநிற மேலாடை போட்டவர்கள் நாடக அரங்கின் நடுப்பகுதியில் உட்காரக் கூடாது என்று அகஸ்டஸ் ஆணையிட்டார். துணியின் நிறத்தைப் பார்த்து இருக்கை ஒதுக்குவது, ஆளைப் பார்த்துத் தேநீர்க் கடையில் குவளை ஒதுக்குவதற்கு மூத்த முறை.

அந்தச் செவ்வூதாச் சாயம் கடல் நத்தையிலிருந்து வந்தது. லெபனான் கரையில் இருக்கும் தீர் நகரம் அதற்குப் பேர்போனது. பால் ஃபிரிட்லேண்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் 12,000 நத்தைகளை எடுத்துச் சாறு பிழிந்து பார்த்தார். கிடைத்த சாயம் 1.4 கிராம். கி.பி. 301இல் டயோக்ளீஷியன் பேரரசர் வெளியிட்ட விலைப்பட்டியலில் செவ்வூதாச் சாயமேற்றிய பட்டு ஓர் இறாத்தல் 1,50,000 தெனாரியஸ். அதே பட்டியலில் சாப்பாடு போக விவசாயக் கூலிக்கு நாளொன்றுக்கு 25 தெனாரியஸ். கணக்குப் போட்டால், ஒரு கூலித் தொழிலாளி ஒரு நாள் விடாமல் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால் அந்த ஓர் இறாத்தல் துணியை வாங்கலாம். அழுகும் நத்தைகளின் நாற்றத்தால் சாயப்பட்டறைகள் ஊருக்கு வெளியே இருந்தன. நாற்றம் தொழிலாளிக்கு, நிறம் எஜமானுக்கு.

விலை மட்டும் தடையாக இருந்தால் பணம் சேர்த்தவன் வாங்கிவிடுவான். அதனால் சட்டமும் வந்தது. நீரோ தீர் நகரச் சாயத்தின் விற்பனையைத் தடைசெய்தார். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் அரச செவ்வூதாவைத் தனியார் தயாரிப்பதே ராஜத்துரோகம் ஆனது. நத்தையின் சாற்றில் புனிதம் எதுவும் இல்லை. உனக்குக் கூடாது என்ற சொல்தான் அதைப் புனிதமாக்கியது.

துணியின் கரை ஓர் ஆளின் இடத்தைச் சொல்லும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'கரை வேட்டி' என்றால் போதும். கட்சி தெரியும், காரியாலயத்தில் நாற்காலி கிடைக்கும். ஆனால் அந்தக் கரையை விரும்பியவர் கட்டலாம், விரும்பாதபோது மாற்றலாம். மாற்ற முடியாத கரையின் கதையைச் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1928ஆம் ஆண்டு சனவரியில் பத்திரிகையில் வந்த செய்தி அது. இந்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் பலாய் என்ற தீண்டப்படாத மக்களுக்கு ஆதிக்கச் சாதியார் விதித்த கட்டளைகளில் இரண்டு: சரிகைக் கரை வைத்த தலைப்பாகை கட்டக் கூடாது, வண்ணக் கரை போட்ட வேட்டி உடுத்தக் கூடாது. மறுத்தவர்களுக்குக் கிணறு மறிக்கப்பட்டது, நிலத்துக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. விரலளவு அகலமுள்ள ஒரு வண்ணக் கரைக்காக ஒரு சமூகத்தின் தண்ணீரை நிறுத்தினார்கள்.

தோலின் நிறம்

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். ரோமில் தோல் நிறத்துக்கு என்ன பொருள்? எத்தியோப்பியரின் கருமையைக் கேலி செய்யும் வரிகள் லத்தீன் இலக்கியத்தில் உண்டு. வடக்கத்திய ஜெர்மானியரின் வெளிறிய தோலையும் செம்பட்டை முடியையும் கேலி செய்யும் வரிகளும் உண்டு. ஆனால் கருப்பன் என்றால் அடிமை என்ற சமன்பாடு அங்கே இல்லை. போரில் பிடிபட்ட கால், ஜெர்மானிய, திரேசிய மக்கள் வெள்ளைத் தோலோடுதான் சந்தையில் விற்கப்பட்டார்கள். கருந்தோலை அடிமைத்தனத்தோடு கட்டிப்போட்டது பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அட்லாண்டிக் அடிமை வணிகம். இன்றைய அர்த்தத்திலான நிறவெறி பண்டைய உலகில் இல்லை என்று ஃபிராங்க் ஸ்னோடன் எழுதினார். அதற்கான விதைகள் அங்கேயே இருந்தன என்று பெஞ்சமின் ஐசக் வாதிட்டார். விவாதம் முடியவில்லை.

நம் பக்கம் 'வர்ணம்' என்ற சொல்லுக்கே நிறம் என்று பொருள். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், பிராமணனுக்கு வெள்ளை, சத்திரியனுக்குச் சிவப்பு, வைசியனுக்கு மஞ்சள், சூத்திரனுக்குக் கருப்பு என்று பிருகு முனிவர் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பரத்வாஜர் உடனே மடக்குகிறார்: எல்லா வர்ணத்திலும் எல்லா நிறத்து ஆட்களும் இருக்கிறார்களே, எல்லோருக்கும்தான் பசியும் வியர்வையும் வருகிறது, பிறகு எதை வைத்துப் பிரிப்பது? நூலுக்குள்ளேயே எழுந்த கேள்வி இது. பிரிட்டிஷ் காலத்தில் ரிஸ்லி போன்ற அதிகாரிகள் மூக்கை அளந்து சாதியை இனமாக்கப் பார்த்தார்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பஞ்சாபின் பிராமணருக்கும் பஞ்சாபின் சமாருக்கும் இன வேறுபாடு இல்லை, சென்னையின் பிராமணருக்கும் சென்னையின் பறையருக்கும் இன வேறுபாடு இல்லை என்பது அவர் முடிவு.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தோலைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் நூறு பேரில் யார் எந்தச் சாதி என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா? உடம்பில் சாதி இல்லாததால்தான் அதைத் துணியில் எழுத வேண்டியிருந்தது.

எண்ணிக்கை

செனேகா என்ற தத்துவவாதி நீரோவின் ஆசிரியர். கருணையைப் பற்றித் தன் மாணவனுக்கு அவர் எழுதிய நூலில் ஒரு செய்தி வருகிறது. அடிமைகளைச் சுதந்திரமானவர்களிடமிருந்து உடையால் வேறுபடுத்த வேண்டும் என்று ஒரு காலத்தில் செனட் சபையில் தீர்மானம் வந்ததாம். ஆபத்தை உணர்ந்து அதைக் கைவிட்டார்களாம். என்ன ஆபத்து? ஒரே மாதிரி உடுத்தினால் அடிமைகள் எஜமானர்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். எவ்வளவு பேர் நாம், எவ்வளவு கொஞ்சம் பேர் அவர்கள் என்பது வீதியிலேயே தெரிந்துவிடும்.

ரோம் கருணையான சமூகம் என்று இதைக் கொண்டு எண்ணிவிட வேண்டாம். ஓடிப்போன அடிமையின் முகத்தில் சூடு போட்டார்கள். பிடித்துக் கொடுக்கும்படி எழுதிய உலோக வளையத்தைக் கழுத்தில் பூட்டினார்கள். ஆனால் அடிமைகள் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தைக் கொடுக்க மட்டும் பயந்தார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. குடிமகன் ஒருவன் முறைப்படி விடுதலை செய்த அடிமை, குடிமகனாகி டோகா உடுத்தினான். அவன் மகன் முழுக் குடிமகன். ஹோரஸ் என்ற புகழ்பெற்ற கவிஞர் விடுதலை பெற்ற அடிமையின் மகன். இரண்டு தலைமுறையில் அந்தக் கறையைக் கழுவ முடிந்தது. சாதிக்கு அந்தச் சலவை கிடையாது.

இப்போது நம் கேள்வி. அடையாளமிட்டால் எண்ணிவிடுவார்கள் என்று ரோமின் எஜமானர்கள் பயந்தார்கள். நம் எஜமானர்களுக்கு ஏன் அந்தப் பயம் வரவில்லை? மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், இரும்பு நகை அணிய வேண்டும், அரசன் ஆணைப்படி அடையாளத்தோடு நடமாட வேண்டும் என்று தயக்கமில்லாமல் சொல்கிறது. எப்படி அவ்வளவு துணிச்சல்?

நான் புரிந்துகொண்ட வரையில் விடை இது. ரோமின் அடிமைகளை அடையாளமிட்டால் ஒரே கூட்டமாகத் தெரிவார்கள். இங்கே அடையாளமிட்டவர்களை நூறு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு அடையாளம் கொடுத்தாயிற்று. ஒவ்வொருவனும் தன் கூட்டத்தை மட்டும் எண்ணினான். எண்ணிப் பார்த்தபோது கீழே இருப்பவனைவிடத் தான் மேல் என்று தெரிந்தது. அதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். புதிரை வண்ணாரைப் பகலில் பார்க்க மறுத்த கண், தன்னைப் பார்க்க மறுத்தவர்களை எண்ணவில்லை.

தடையின் பட்டியல்

சாதி நிறத்தைக் கொடுத்து மட்டும் அடையாளமிடவில்லை. நிறத்தை மறுத்தும் அடையாளமிட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைத் தன் நூலில் பதிவுசெய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பணம் செலவில்லாத மஞ்சளைக்கூட விடவில்லை. ஒரு பெண் தன் முகத்தில் பூசிக்கொள்ளும் நிறத்தையும் ஊர்க்கூட்டம் தீர்மானித்தது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

தென்காசிக்கு இன்னும் பக்கத்தில் வருவோம். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது. அந்த அரசில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச அறிவிப்பு மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றும், முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவது போலக் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. உடுத்துவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். தங்களைப் போலத் தெரிவதைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று எண்ண வேண்டாம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரர் சொன்ன காரணமும் ஊர்க் கட்டுப்பாடுதான்.

பறித்துக்கொண்ட நிறம்

தடையை மீறியவர்கள் முதலில் கைவைத்தது துணியிலும் நகையிலும்தான். 1893இல் அய்யன்காளி வெள்ளை வேட்டி உடுத்தி, தலைப்பாகை கட்டி, வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் புலையர் பெண்கள், தங்கள் சாதிக்கு அடையாளமாக விதிக்கப்பட்ட கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். அந்தக் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் 1904 முதலே ரயில் ஓடுகிறது. 1927 டிசம்பரில் மகத்தில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், நீங்கள் சேலை கட்டும் விதமும் போட்டிருக்கும் கனத்த நகையும்தான் உங்களைத் தீண்டப்படாதவர்கள் என்று காட்டிக்கொடுக்கின்றன, அந்தச் சான்றை அழித்துவிடுங்கள் என்ற பொருளில் சொன்னார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் வெள்ளை உடுத்திப் பௌத்தம் தழுவினார்கள். ஒருவருடைய வெள்ளையும் இன்னொருவருடையதைவிட உயர்ந்ததாக இல்லாத கூட்டம் அது.

நீலம் எப்படி வந்தது? 1936இல் அம்பேத்கர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் கொடி சிவப்பு. 1942இல் உருவான பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். அங்கிருந்து குடியரசுக் கட்சிக்கும், அம்பேத்கரின் சிலைகளுக்கும், நம் தெருமுனைக் கம்பங்களுக்கும் நீலம் வந்தது. மகார், சமார், மாதிகா, பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனித்தனியாக எண்ணப்பட்டவர்களை ஒரே எண்ணிக்கையாக்கும் கனவு அதில் இருந்தது. செனட் சபை பயந்த காரியத்தை ஒரு கொடி செய்யப் பார்த்தது. தமிழ்நாட்டில் அம்பேத்கரின் சிலையைச் சுற்றிப் பல ஊர்களில் இரும்புக் கூண்டு நிற்பதற்கும் காரணம் அந்த எண்ணிக்கைதான்.

மணிக்கட்டு

இனி கயிற்றுக்கு வருவோம். பிள்ளைகளிடையே ஏழை, பணக்காரன், சாதி என்ற வேறுபாடு தெரியக் கூடாது என்றுதான் காமராசர் காலத்தில் சீருடை வந்தது. சீருடை துணியிலிருந்து சாதியை அழித்தது. தோலில் அது முன்பே இல்லை. அப்படியானால் வகுப்பறையில் சாதி கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும். அதைத் தாங்க முடியாதவர்கள் மணிக்கட்டில் திரும்ப எழுதினார்கள். பேரருவியில் நனைகிற நூறு பேரும் ஒரே மாதிரிதான் நனைகிறார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். கயிற்றை மட்டும் கழற்றுவதில்லை.

இதன் விலை என்ன என்று நமக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கயிறு தொடர்பான மோதலில் தாக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இறந்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், சாதியைக் காட்டும் நெற்றிப் பொட்டு ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும், சாதி உணர்வைக் காட்டும் விதமாக வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது.

ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளின் கயிற்றைக் கண்டிப்பது நமக்கு எளிது. நம் பிள்ளைகளின் கையிலும் கயிறு இருக்கிறது. அவர்கள் கட்டியதால் நாங்களும் கட்டினோம், கட்டாவிட்டால் அடிக்கிறார்கள், கட்டினால் கூட்டம் வருகிறது என்று நம் பையன்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அடிபட்டவன் கட்டும் கயிறும் அடித்தவன் கட்டும் கயிறும் ஒன்று என்று சொல்லும் சமரசவாதி அல்ல நான். ஆனால் நம் பக்கக் கயிறு எத்தனை நிறம் என்று பாருங்கள். பள்ளர் பையனுக்கு ஒன்று, பறையர் பையனுக்கு ஒன்று, அருந்ததியர் பையனுக்கு ஒன்று. புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த நிறம்? அவனை யார் கூட்டத்தில் சேர்ப்பீர்கள்? இடைவேளை மணி அடித்ததும் மூன்று மூலைகளில் மூன்று கூட்டம் சேர்ந்தால், எண்ணிக்கை மூன்றாக உடைகிறது. மனு செய்த வேலையை நாமே நம் கையில் கட்டிக்கொள்கிறோம்.

கயிறும் கொடியும் இரண்டுமே நிறம்தானே, நீலக் கொடி மட்டும் எப்படிச் சரி என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நீலக் கொடியைத் தூக்க ஒருவருக்குச் சான்றிதழ் வேண்டாம். சாதி ஒழிய வேண்டும் என்று நினைக்கிற எவரும் தூக்கலாம், நாளை கருத்து மாறினால் வைத்துவிட்டுப் போகலாம். அது சேர்கிற நிறம். கயிறு பிறக்கிற நிறம். அதில் சேர முடியாது, விலக முடியாது. நீலத்தையும் ஒரே சாதியின் கயிறாகச் சுருக்கினால் அதுவும் ரோமின் செவ்வூதா ஆகிவிடும். சில ஊர்களில் அப்படிச் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, சந்துரு குழுவின் பரிந்துரைகள் நம் மாவட்டப் பள்ளிகளில் எவ்வளவு நடைமுறைக்கு வந்திருக்கின்றன என்று ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கும் நம் பெற்றோர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு, கயிற்றைக் கத்தரிப்பதோடு ஆசிரியர் வேலை முடியாது. சீருடை ஏன் வந்தது, மஞ்சள் பூசியதற்காக யார் குடிசை எரிந்தது என்பது வகுப்பறையில் பாடமாகச் சொல்லப்பட வேண்டும். மூன்றாவது நமக்கானது. நம் தெருக்களில், நம் பிள்ளைகளின் மூன்று நிறக் கயிறுகளைப் பற்றி, வேறு யாரும் சொல்வதற்கு முன் நாமே பேச வேண்டும். புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேச வேண்டும். அந்தப் பிள்ளையையும் சேர்த்து எண்ணினால்தான் நம் எண்ணிக்கை முழுமையாகும்.

ஜெய்பீம்.